காதுக்கு எட்டாத கை

என் பிள்ளைகள் பரீட்சையில் கோட்டைவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போடும்போதெல்லாம் சொல்வதற்கென்று ஒரு கதை வைத்திருந்தேன். "முயற்சியை விடாதே. உன் அப்பன் எத்தனை மாதம் மரத்தில் தொங்கினான் தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். அவர்கள் கொட்டாவி விடுவார்கள். இப்போது எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனாலும் கதையில் முக்கால்வாசி நிஜம்.

அப்போது பினாங்கில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். சந்து முனையில் டிராம் நிற்கும். பெரிய பையன்கள் சிலேட்டோடு அதில் ஏறிப் பள்ளிக்கூடம் போவார்கள். எனக்குப் படிப்பின் மேல் ஆசை என்று சொன்னால் சரஸ்வதிக்கே பொறுக்காது. ஆசையெல்லாம் டிராமின் மேல்தான். டிராமில் ஏற வேண்டுமானால் பள்ளியில் சேர வேண்டும். பள்ளியில் சேர, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். நான் நாகப்பட்டினத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து இறங்கியவன். பிறந்த தேதிக்குக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாத பிள்ளைக்குக் காதுதான் சாட்சி. தொட்டால் உள்ளே, இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

அளப்பது அம்மா. அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. விடியுமுன் போய் விளக்கு வைத்தபின் வருவார். "எட்டட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்பதோடு அவர் பங்கு முடிந்தது. சாயங்காலம்தோறும் அம்மா என்னைச் சுவரோரம் நிறுத்துவாள். "தலைய ஆட்டாதடா" என்று உச்சந்தலையில் தன் உள்ளங்கையை அழுத்தி வைப்பாள். அந்தக் கைக்கு மேலாக என் கையை வளைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நீட்டுவேன். காதுக்கு ஒரு விரல் இப்பால் நின்றுவிடும்.

"இன்னும் எட்டலையே ராசா" என்பாள்.

எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, டிராம் பட்டறையில் வேலை பார்த்தார். இரும்பையே நீட்டுகிறவருக்கு என் கை எம்மாத்திரம்? கொல்லையில் இருந்த ஜம்பு மரத்தில் ஒரு கம்பைக் கட்டினார். "மருமவனே, வௌவாலப் பாத்திருக்கியா? தொங்கித் தொங்கித்தான் அதுக்கு அம்மாம் பெரிய கை. நீயும் தொங்கு லா!" என்றார், அந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து.

வௌவால் காலால் தொங்குகிறது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தொங்கினேன். அக்குள் கன்றியது. எறும்பு கடித்தது. மழை பெய்த நாளில் வழுக்கி விழுந்தேன். சாயங்காலம் பார்த்தால் அதே ஒரு விரல். அது அரை விரலாகக் குறைந்திருந்தாலாவது மனுசனுக்கு ஒரு தெம்பு வரும்.

இதற்கு நடுவே காலையில் எனக்கு ஓர் உத்தியோகமும் இருந்தது. காவடிபோல் தோளில் கூடைகளைத் தொங்கவிட்டுக் காய்கறி விற்கும் சீனர் வருவார். பின்னாலேயே மலாய்க்கார மீன்காரர். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அம்மாவின் நாக்கில் மலாய் ஏறவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கீரை ஏன் வாடிக் கெடக்குன்னு கேளுடா" என்பாள். நான் சந்தில் பொறுக்கிய மலாயில், "மஹால்! மஹால்!" என்று கத்துவேன். விலை அதிகம் என்று அர்த்தம். என் கைவசமிருந்த சரக்கில் பாதி அதுதான். சீனர் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வார்.

"என்னடா சொல்றாரு?"

"ஒங்கம்மா நல்லா சமைப்பாங்களான்னு கேக்குறாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பகல் முழுவதும் அவளோடு பேச வேறு யாரும் கிடையாது.

என் கையின் கொடுமை இன்னொன்று உண்டு. மரத்தடியில் தனியாகத் தொட்டுப் பார்த்தால் விரல் காதில் படும்! "தொட்டாச்சு, தொட்டாச்சு!" என்று ஓடுவேன். அம்மா தலையில் கை வைத்து அளப்பாள். எட்டாது. "தனியா தொட்டா தலை சாஞ்சிரும்டா. அது கணக்கில்ல" என்பாள். அது என் மண்டையில் ஏறவில்லை. கொல்லையிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் கை குட்டையாகிவிடுகிறதே! அந்த வாரம்தான் மாமாவின் புதுக் கைலி துவைத்ததும் முழங்காலுக்கு ஏறியிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது: தண்ணீர்தான் காரணம். அன்றிலிருந்து குளிக்க மறுத்து வீட்டைச் சுற்றி ஓடினேன்.

"அக்கா, கை வளந்துச்சோ இல்லியோ, நாத்தம் நல்லா வளந்திருக்கு" என்றார் மாமா.

ஒருநாள் சலித்துப்போய்த் தரையில் மல்லாந்துவிட்டேன். பள்ளிக்கூடமும் வேண்டாம், டிராமும் வேண்டாம் என்றேன். "சரி ராசா, வேணாம்" என்று அம்மா உடனே வறுத்த கடலையை நீட்டினாள். நான் சொன்ன எதையும் அந்த வீட்டில் யாரும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. கடலையைத் தின்று முடித்ததும், வேறு வேலை இல்லாததால், மறுபடி போய்த் தொங்கினேன். விடாமுயற்சி என்று பிற்பாடு நான் பிரசங்கம் செய்ததெல்லாம் இதைத்தான்.

புது வருடம் பிறந்தது. அப்பா பொறுமை இழந்தார். "வாத்தியாரே பாக்கட்டும்."

"எட்டாதுங்க. புள்ள அவமானப்படுவான்" என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை.

ஆசைப்பட்ட டிராமில் ஏறியும் நான் வெளியே எதையும் பார்க்கவில்லை. வழிநெடுக இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன்.

"தொடு" என்றார் வாத்தியார். என் தலையை யாரும் பிடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வளைத்தேன். விரல் காதைத் தாண்டித் தாடை வரைக்கும் போய் நின்றது.

"என்ன கிராணியாரே, போன வருசமே கொண்டாந்திருக்கலாமே?"

அப்பா என்னை முறைத்தார், நான் கையை எங்கோ ஒளித்து வைத்திருந்ததுபோல. "நேத்து வரைக்கும் எட்டல சார். ராத்திரிதான் வளந்திச்சு" என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன். இத்தனை மாத உழைப்பும் சேர்ந்து ஒரே ராத்திரியில் பலித்துவிட்டது!

மறுநாள் முழுப் பகலும் பள்ளியில் இருந்துவிட்டு, ராசா மாதிரி வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் சோறும் பருப்பும். கீரை இல்லை, மீன் இல்லை.

"மீன்காரர் வரலியாம்மா?"

"வந்தாரு."

"காய்க்காரரு?"

"அவரும் வந்தாரு."

"பின்ன ஏன் வாங்கல?"

அம்மா என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"அதான் தொட்டாச்சேம்மா, இன்னும் ஏன் அளக்குற?" என்று தலையை விலக்கிக்கொண்டேன்.