தம்பி படத்துக்கு அப்பா விட்ட குறட்டை

முப்பது நாள் முடியும்வரை பச்சைக் குழந்தை வாசல் தாண்டக் கூடாது என்பது மலேசியாவில், பண்டமாரான் ஊரில் எங்கள் சொந்தக்காரர்களின் சட்டம். பத்து நாளுக்குள் கொண்டுவந்தால்தான் சுருண்டு தூங்கும், அப்புறம் முழித்துக்கொள்ளும் என்பது பக்கத்து டவுன் கிள்ளானில் குழந்தைகளைப் படமெடுக்கும் ஸ்டூடியோ அக்காவின் சட்டம். சொந்தக்காரர்கள்தான் ஜெயித்தார்கள். அம்மாவுக்கோ தம்பி தூங்குகிற மாதிரி ஒரே ஒரு படம் வேண்டும். நான் பிறந்தபோது எடுத்த ஒரே படத்தில் வாயைப் பிளந்து அலறுவேன். அதைக் கூடத்தில் மாட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் கிள்ளானுக்குப் போனோம். தம்பி போலீஸ்காரர் மாதிரி எல்லாரையும் முறைத்தான். ஸ்டூடியோ அக்கா அசரவில்லை. ஹீட்டரைப் போட்டார், போனில் மழைச் சத்தத்தை ஓடவிட்டார், தன் விரல்களைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே அவனைத் தொட்டார். உதவலாமே என்று நானும் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். எனக்கு அப்போது ஏழு வயது, முன்பல் இரண்டும் கிடையாது. தம்பி வீரிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். வெளியே அடுத்த குழந்தை காத்திருந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் மூலை சோபாவிலிருந்து, லோரி கிளம்புவதைப் போல ஒரு குறட்டை. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்த அப்பா, ஹீட்டர் சுகத்தில் சாய்ந்துவிட்டார். அம்மா வெட்கத்தோடு ஓடிப்போய் அவர் தோளைத் தட்டினாள். குறட்டை நின்றது. குறட்டை கேட்டு அடங்கியிருந்த தம்பி மறுபடி அழ ஆரம்பித்தான்.

"அக்கா, அண்ணன எழுப்பாதீங்க லா! அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளை கண்ண மூடுச்சு!" என்று பதறினார் ஸ்டூடியோ அக்கா.

"எழுப்பிட்டேனே..." என்றாள் அம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் குறட்டை மறுபடி கிளம்பியது. முன்னைவிடச் சத்தமாக, ஒரே தாளத்தில், முக்கால் மணி நேரம். தம்பி கூடைக்குள் சுருண்டு, கன்னத்துக்கடியில் கையை வைத்துத் தூங்கினான். கடைசிப் படம் எடுத்ததும் குறட்டை டக்கென்று நின்றது. "முடிஞ்சிருச்சா?" என்று அப்பா சோம்பல் முறித்தார்.

பெற்ற பிள்ளையைப் படமெடுக்கும்போது தூங்கி வழிந்த மனிதர் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான்தான். குறட்டையும் விட்டுக் காட்டுவேன். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஆல்பம் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஸ்டூடியோ அக்கா குறும்பாக ஒரு படம் சேர்த்திருந்தார். சோபாவில் அப்பா, வாய் பிளந்தபடி. கண்கள் மட்டும் சிவக்கச் சிவக்கத் திறந்து, கூடையிலிருந்த தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அப்பா மீன் மாதிரி கண்ணைத் திறந்துகிட்டே தூங்குறாரு!" என்று கத்தினேன்.

அம்மா சிரிக்கவில்லை. தம்பிக்கென்று வாங்கி வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தில் அந்தப் படத்தைப் போட்டுக் கூடத்தில் மாட்டினாள்.

பாவம், அவசரத்தில் படத்தை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.