வாயடைத்துப்போன மோட்டார்

எங்கள் மிளகாய்த் தோட்டம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இல்லை. கருவேலங்காட்டைத் தாண்டிப் போகவேண்டும். மூணு பேஸ் கரண்டு வருகிற நேரமும் போகிற நேரமும் கரண்டுக்கே தெரியாது. அதனால் சாயல்குடிக் கடையில் ஒரு பெட்டி வாங்கி மோட்டாரோடு மாட்டினேன். பெட்டிக்குள் ஒரு சிம். என் பட்டன் போனில் ரெண்டாம் பட்டனை அமுக்கிப் பிடித்தால் மோட்டாருக்கு ரிங் போகும். "மும்முனை மின்சாரம் உள்ளது, மோட்டார் இயக்கப்பட்டது" என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொல்லும். "சரி தாயி" என்று வைத்துவிடுவேன். என் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசாத ஒரே ஆள் அவள்தான்.

போன வருஷம் செடி பூவெடுக்கிற சமயத்தில் ஒருநாள் ரிங் போனது, யாரும் பேசவில்லை. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் பாத்தி காய்ந்து கிடக்கிறது. கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அப்டேட் வந்திருக்கும்மா. இனிமே கூப்புட்டா எடுக்காது. டச் போன்ல ஆப் எறக்கி அதுலதான் போடணும். முன்னைக்கு இப்ப ரொம்ப வசதி."

அந்த ஆப்பில் இருப்பதெல்லாம் இங்கிலீசு எழுத்து. எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். பக்கத்தில் டச் போன் வைத்திருப்பது என் கொழுந்தன் பொண்டாட்டி ஒருத்திதான். இந்த வீட்டுக்கு நான் மூத்த மருமகள், அவள் இளையவள். இத்தனை வருஷத்தில் ஒரு கை உப்புக்குக்கூட அவள் வாசலில் நான் நின்றதில்லை. பூ உதிர்ந்தால் வருஷ வெள்ளாமையே போச்சு என்பதால் போய் நின்றேன்.

"இருங்கக்கா, சீரியல் முடியட்டும்."

"அதுக்குள்ள கரண்டு போயிரும்டி."

"போனா திரும்ப வரும்க்கா. நீங்க கூப்புட்ட ஒடனே ஓடியார அது என்ன நானா?"

சீரியல் முடிந்த பிறகுதான் ஆப்பை இறக்கி மோட்டாரைப் போட்டுவிட்டாள். மறுநாள் தண்ணிக்குழாயடியில், "அக்கா மோட்டாரு இப்ப என் கையிலதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதிலேயே விழுந்தது. வயர்மேனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொல்லி, மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இதுல இருந்த பேச்சு எங்க தம்பி?" என்றேன் கடைக்காரரிடம்.

"கம்பெனில எடுத்துட்டாகம்மா."

"என் தோட்டத்துக்கு வந்தா எடுத்தாக?"

"அங்கன இருந்தே சிம் வழியா எடுத்துருவாக. நம்ம கையில ஒண்ணுமில்ல."

"பசுமாட்ட வித்துட்டுப் போனவன் மறுமாசம் வந்து ஒரு காம்ப அறுத்துட்டுப் போனா, இப்ப வசதியா இருக்குன்னு சொல்லுவியா?"

"அப்டேட்டுங்கிறது நல்லதுக்குத்தாம்மா."

"நல்லதுன்னா என்னையக் கேட்டுச் செய்யணும். காசு குடுத்தவ நானு."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்நேரம் ஒருத்தர் இதே பெட்டியை விலை கேட்டு வந்தார். "வாங்குங்கய்யா, நல்ல பெட்டி" என்றேன். "ஆனா இன்னைக்கு என்னென்ன செய்யும்னு எழுதி வாங்கிக்கங்க. நாளைக்கு எதைக் கழட்டிக்கிருவாகன்னு கடைக்காரருக்கே தெரியாது." வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அடுத்து பல்பு வாங்க வந்தவர் பல்பை மறந்துவிட்டு என் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றார். கடைக்காரர் எனக்கு டீ சொன்னார். குடித்தேன். எழுந்திரிக்கவில்லை.

கடைசியில் பரண்மேல் இருந்து தூசியோடு ஒரு பெட்டியை இறக்கினார்.

"பழைய மாடல். இதுக்கு சிம் வழியா அப்டேட்டே வராது. கூப்புட்டா எடுக்கும், பேசும். ஆனா ஆந்திராவுக்குப் போகவேண்டியது தவறி இங்கன வந்துருச்சு. தெலுங்குதான் பேசும்."

"பேசுமில்ல? குடு."

"கம்பெனிக்கு அனுப்புனா ஒரு சின்ன அப்டேட் போட்டுத் தமிழாக்கித் தந்துருவாகம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் பெட்டியை வெடுக்கென்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் பெட்டியிலிருந்த சிம்மை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு, பெட்டியை அவரிடமே விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலையில் வயர்மேன் மாட்டிக் கொடுத்தார். வரப்பில் நின்று பட்டனை அமுக்கினேன். "மோட்டார் ஆன் அயிந்தி" என்றாள் புதியவள். தண்ணி வாய்க்காலில் விழுந்து கடைசிப் பாத்தி வரைக்கும் போனது. கொழுந்தன் பொண்டாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் பங்குத் தோட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா சொல்லுது? ஒண்ணும் புரியலையே."

"ஒனக்கு எதுக்குடி புரியணும்? மோட்டாருக்குப் புரியுது."