விறகு கட்டாத கயிறு

நான் அப்போதே சந்தேகக்காரி. இப்போதும் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். மருந்துக் கடையில் கொடுக்கிற மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். வீட்டுக்காரர் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும். பத்து வயதில் பெற்ற தாயையே உளவு பார்த்தவளுக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?

அம்மாவுக்கு நெஞ்சில் வால்வு மாற்றிய வருஷம் அது. சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தைக் கெடுத்து வைத்திருந்ததாம். அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கூடையோடு மேடேறும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கும். சோம்பல் என்று நினைத்துக் கங்காணி கத்துவார். ஒருநாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோதே விழுந்துவிட்டாள். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே நெஞ்சைத் திறந்து, பழுதான வால்வை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பக்கத்தில் படுத்தால் சட்டைக்குள் கைக்கடிகாரம் ஓடுகிற மாதிரி டிக் டிக்கென்று கேட்கும். என் முதல் சந்தேகம் அதுதான். திரும்பி வந்தது எங்கள் அம்மாதானா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பதுளை கிளினிக்கில் ஓப்பரேஷன் செய்தவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு சிங்கள மிஸ் இருந்தார். மூன்று மாதத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது, ஆனால் தினமும் நடக்க வேண்டும் என்று அவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். முதலில் தண்ணீர்ப் பீலி வரை, பிறகு கோயில் வரை, பிறகு பஸ் நிற்கிற இடம் வரை. போன இடத்தில் பத்துத் தரம் உட்கார்ந்து எழ வேண்டும், மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ண வேண்டும். எத்தனை நிமிஷம் நடந்தாள், நாடி எவ்வளவு என்று கொப்பியில் எழுத வேண்டும். நடக்காத நாளுக்குக் காரணம் எழுத வேண்டும். கால் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துப் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக் கதையைப் பிள்ளைகளிடம் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

தோட்டத்தில் வெறுங்கையோடு யாரும் நடப்பதில்லை. கூடை இருக்கும், குடம் இருக்கும், இல்லாவிட்டால் விறகுக் கட்டு இருக்கும். சும்மா நடப்பதற்காக நடப்பது தொரைமார் வேலை. அம்மா வெள்ளைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு சாயங்காலத்தில் கையை வீசி நடந்ததும் வரிசை வீட்டு லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. பக்கத்துக் காம்பிராவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என் காதுபடவே சொன்னாள்: "நெஞ்ச கிழிச்சவ மாதிரியா இருக்கா? பேருக்கு மாத்திரைய முழுங்கிட்டு, ஜாலியா ரவுண்டு போறா."

அம்மா கேட்டிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து போகும்போது விறகு கட்டும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். லயத்துக்காரர்கள் வாயை மூடினார்கள். என் கண்தான் திறந்தது. தினமும் விறகுக்கென்று போகிறாள், ஒரு சுள்ளிகூட வரவில்லை. அப்பாதான் விறகு கொண்டுவந்து அடுக்கினார். அப்படியானால் அந்தக் கயிறு எதற்கு?

என்கூடப் படித்த ஒருத்தியின் அம்மா முந்தின வருஷம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், சவுதியிலிருந்துதான் போன் பேசினாள். அவள் போன அன்று காலில் புதுச் சப்பாத்து இருந்தது. இதை அந்தப் பிள்ளையே என்னிடம் அழுதுகொண்டு சொல்லியிருக்கிறாள். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பின்னால் போக ஆரம்பித்தேன். ரோட்டில் அவள், தேயிலைச் செடிகளுக்குள் குனிந்தபடி நான். அவள் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் அங்கிருந்த கட்டையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். பத்துத் தரம் இருக்கும். யாருக்கோ காத்திருந்து பொறுக்க முடியாமல் தவிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், கொப்பியில் என்னவோ எழுதினாள். பஸ் வருகிற நேரத்தைக் குறிக்கிறாள். பஸ்ஸும் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டி, "ஏறலையாக்கா?" என்று கேட்டான்.

"இன்னைக்கு இல்ல தம்பி" என்றாள் அம்மா.

இன்னைக்கு இல்லையாம். அப்படியானால் வேறொரு நாளைக்கு ஏறப்போகிறாள்.

திரும்பி வரும்போது இன்னும் மோசம். ரோட்டில் ஈ காக்கை இல்லை, அம்மா மட்டும் பேசிக்கொண்டே நடந்தாள். நான் செடிக்குள் நெருங்கிப் போய்க் காது கொடுத்தேன். "பாப்பா, சோறு வடிக்கையில கைய பார்த்து வடி. அப்பாவுக்கு தேத்தண்ணில சீனி கம்மியா போடு. மழ வந்தா உடுப்ப எடுத்துரு. அத்தகிட்ட வாய் குடுக்காத, அவ வாய்தான் அப்படி." என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் பாப்பா நான்தான். போகிற அன்று என்னிடம் சொல்ல வேண்டியதை இப்போதே மனப்பாடம் செய்கிறாள் என்று நினைத்தேன். அங்கேயே குந்தி உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில்தான் நடக்க வேண்டும், பேச்சு மூச்சில் அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தாராம். ஆளில்லாத ரோட்டில் அவள் யாரோடு பேசுவாள்? என்னோடு பேசியிருக்கிறாள்.

அடுத்த நாள் காலையில் சப்பாத்தை ஒளித்தேன். அடுப்படியில் அப்பா அடுக்கி வைத்திருந்த விறகைப் பிரித்து, நடுவில் சொருகி, மேலே மறுபடி அடுக்கினேன். பாரம் தூக்காத அம்மா விறகில் கை வைக்கமாட்டாள் என்பது என் கணக்கு.

"பாப்பா, என் சப்பாத்த பார்த்தியா?"

"இல்லயே. நாய் தூக்கிட்டு போயிருக்கும்."

அம்மா வாசல் வரை போய்த் தேடிவிட்டு வந்தாள். அன்றைக்கு நடக்கப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மாவைக் கட்டிப்போட்டுவிட்ட பெருமையில் இரண்டு நாளும் சொன்ன வேலையெல்லாம் செய்தேன்.

மூன்றாம் நாள் அவள் கயிற்றை எடுத்துக்கொண்டு றப்பர் செருப்போடு கிளம்பினாள். தூறல் விட்டிருந்தது. நானும் பின்னாலேயே போனேன். கோயிலுக்குக் கீழே கற்படியில் கால் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே கல் விளிம்பு கிழித்துவிட்டது. பெரிய காயம் இல்லை. எனக்குப் பட்டிருந்தால் கோப்பித்தூளை அப்பிவிட்டு விளையாடப் போயிருப்பேன். ஆனால் அம்மா இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை குடிப்பவள். அந்த வால்வுக்காக உயிருள்ள வரை குடிக்க வேண்டிய மாத்திரை அது. இரத்தம் நிற்கவே இல்லை. நான் செடிக்குள்ளிருந்து ஓடி வந்ததைப் பார்த்து அவள் ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. "முந்தானைய சுருட்டி அழுத்திப் புடி பாப்பா, விட்டுறாத" என்றாள். காலைப் படியில் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அழுத்திப் பிடித்தேன். என் விரலிடுக்கெல்லாம் வழிந்தது. நான் போட்ட கூச்சலில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். கொஸ்லந்தப் பக்கமிருந்து வந்த மரக்கறி லொறி ஒன்றை மறித்து அம்மாவை ஏற்றினார்கள். அத்தைதான் மடியில் தலையை வைத்துக்கொண்டு கூடவே போனாள். நான் ரோட்டில் நின்றேன், கையில் அந்தக் கயிறு.

அம்மா மூன்று நாள் பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள். அத்தை எங்களுக்குச் சோறாக்கிப் போட்டாள், ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா செத்தால் நான்தான் காரணம் என்பது மட்டும் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அவள் வருகிற அன்று சப்பாத்தை வெளியே எடுத்தேன். அதிலும் என் புத்தி போகவில்லை பாருங்கள். சேற்றைப் பூசினேன், நாய் கடித்த மாதிரி இருக்கட்டும் என்று சப்பாத்து நாடாவைப் பல்லால் மென்று நைத்தேன். வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். அம்மா காலில் கட்டோடு வந்தாள். வாசலில் நின்று குனிந்து பார்த்தாள்.

"அட, நாய் கொண்டாந்து போட்டுருச்சே" என்றாள். சேற்றைத் துடைத்துக் காய வைத்தாள்.

கட்டு அவிழ்த்ததும், "நீயும் வா பாப்பா, பேச்சுத் தொணைக்கு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். அந்தக் கயிற்றை அதன்பின் அவள் எடுக்கவில்லை. பஸ் வருகிறபோதெல்லாம் நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அது வளைவு தாண்டிப் போகும் வரை விடமாட்டேன். அவளும் கையை உருவிக்கொண்டதில்லை.

அம்மா இப்போது என்னோடு பண்டாரவளையில் இருக்கிறாள், இன்றைக்கும் காலையில் நடக்கிறாள். போன மாதம் பழைய கிளினிக் அட்டையைத் தேடி அவளுடைய பெட்டியைக் கிளறியபோது அந்தக் கொப்பி கிடைத்தது. நடக்காத நாளுக்குக் காரணம் எழுதியிருந்தாள், ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்தில். முதல் நாள்: சப்பாத்து காணல. இரண்டாம் நாள்: சப்பாத்து வெறகுக்குள்ள இருக்கு. பாப்பா ஒளிச்சி வச்சிருக்கு. என்னமோ பயந்துருக்கு. நான் எடுத்தா இன்னும் பயந்துரும். மூன்றாம் நாள்: இன்னைக்கு செருப்போட போறேன்.

அதற்குப் பிறகு சில நாட்களுக்கு ஒன்றும் எழுதவில்லை.

அம்மாவின் கயிற்றைச் சந்தேகப்பட்டேன், கொப்பியைச் சந்தேகப்பட்டேன், அவள் நெஞ்சுக்குள் கேட்ட சத்தத்தைக்கூடச் சந்தேகப்பட்டேன். வாசலில் குனிந்து நின்று அவள் சொன்ன அந்த ஒரு 'அட'வை மட்டும் இத்தனை வருஷமாக நான் சந்தேகப்படவே இல்லை.