தாழ்ந்த யன்னல்

"மூலை இல்லாட்டி அலுமாரியை எங்கை பிள்ளை வைக்கிறது?" என்று கேட்டார் அதிபர். என்னுடைய வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வட்டமான வகுப்பறை, எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான் என்பதால் நானும் திருத்தவில்லை.

கீரிமலைக்குக் கிட்ட, இராணுவம் விட்டுப்போன காணிகளில் சனம் திரும்பி வந்து குடியேறிய ஊர் எங்களுடையது. அங்கே இருந்த சின்ன ஆரம்பப் பாடசாலை தகரக் கொட்டிலில்தான் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கட்டடம் கட்டித் தருவதாகச் சொன்னதும், அங்கே மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கும் என் தங்கச்சி என்னை உள்ளே இழுத்துவிட்டாள். நான் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் இருந்துகொண்டு மாடி வீடுகளுக்குப் படம் கீறிச் சீவிக்கிற ஆள். வருகிற எல்லோருக்கும் வாசலில் இரண்டு தூணும் மதிலில் இரண்டு சிங்கமும் வேண்டும். பள்ளிக்கூடம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூலை இல்லையென்றால் கடைசி வாங்கு வரிசையும் இல்லை, எந்தப் பிள்ளையும் ஒளிந்திருக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். சோளகக் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து கூரைக்குக் கீழே மறுபக்கத்தால் வெளியேற வழி வைத்தேன். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்த யன்னல். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வளைந்த சுவரோடு நீளமாக ஓடும் கண்ணாடி யன்னல். உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்குப் பனைகளுக்கிடையே கடல் தெரிய வேண்டும். அதிபர் அரைச்சுவர் எழுப்பச் சொன்னார், நான் ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் அவர் மசிந்தார்.

கட்டி முடிந்த அன்றே பூட்டுப் போட்டோம். போடச் சொன்னது நான்தான்.

எங்கள் ஊரில் நல்ல சாமானைப் பாவிக்கிறதில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற பீங்கான் கோப்பைகள் விருந்தாளிக்கு. வெளிநாட்டுக்காரர் வாங்கித் தந்த மெத்தைக் கதிரைக்குப் போட்ட பொலித்தீன் உறையைக் கழற்றுவதே இல்லை. இதையெல்லாம் பகிடி பண்ணித் திரிந்தவள் நான். ஆனால் கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர், கட்டடக்கலைச் சஞ்சிகைக்குப் படம் எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதும், "படம் எடுக்கும் வரைக்கும் பிள்ளைகளை விடாதேங்கோ சேர், சுவரிலை கை பட்டிடும்" என்று அதிபரிடம் சொன்னேன். அவருக்கும் நல்லதாய்ப் போயிற்று. காசு தந்தவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவார், அவரைக்கொண்டு நாடா வெட்டுவிக்கலாம் என்று அவருக்கு ஒரு ஆசை இருந்தது.

அது சித்திரை வெயில். தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, கொட்டிலுக்கை ஒரு பிள்ளைக்கு மூக்காலை இரத்தம் வந்திட்டுது. உந்தப் பூட்டை ஒருக்காத் திறக்கச் சொல்லன்."

"அடுத்த கிழமை படக்காரர் வாறார். அதுமட்டும் பொறு."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

படக்காரர் வந்த அன்று காலை நான் முன்னதாகவே போனேன். யன்னல் கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன மூக்கு அடையாளங்கள். இடைவேளையில் பிள்ளைகள் குந்தியிருந்து, முகத்தை ஒட்டிவைத்து உள்ளே பார்க்கிறார்கள் என்று தங்கச்சி சொன்னாள். "அது ஆருடைய வீடு டீச்சர்?" என்று ஒரு பெட்டை கேட்டாளாம். நான் சிரித்துக்கொண்டே என் சால்வையின் நுனியால் அத்தனையையும் துடைத்தேன். படங்கள் நன்றாக வந்தன.

காசு தந்தவர் நாடா வெட்ட அந்த வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. நான் அதிபரிடம் போய், போதும், திறவுங்கோ என்றேன்.

"நீங்கள்தானே பிள்ளை முதல்லை பூட்டச் சொன்னனீங்கள்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு நான் எத்தனையோ தரம் கதைத்தேன், கடிதமும் எழுதினேன். முதல் தரம் பூட்டச் சொன்ன வாயால் சொன்னது ஒன்றும் எடுபடவில்லை.

இதற்கிடையில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலரை வசதியான பள்ளிக்கூடம் என்று நகரத்துக்கு வான் வண்டியில் ஏற்றினார்கள். சில குடும்பம் கனடாவுக்குப் போயிற்று. தங்கச்சியின் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள், பிறகு நாலு. இவ்வளவு கொஞ்சப் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்த முடியாதென்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த நாலு பேரும் கடைசி நாள் வரை தகரத்துக்குக் கீழேதான் இருந்தார்கள். தங்கச்சிக்கு வல்வெட்டித்துறைப் பக்கம் மாற்றம் கிடைத்தது. தினம் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அதைப்பற்றி என்னோடு அவள் கதைப்பதில்லை.

போன தேர்தலுக்கு அந்தக் கட்டடத்தை வாக்குச் சாவடியாக்கினார்கள். எங்கள் இருவருடைய பெயரும் இன்னும் அந்த ஊர் வாக்காளர் இடாப்பில்தான் இருக்கின்றன. வரிசையில் நின்றோம். உள்ளே ஆள் வாக்களிப்பது வெளியில் தெரிந்துவிடுமென்று யன்னல் முழுவதற்கும் உட்பக்கமாகக் காட்போட் மட்டை ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற ஐயா எரிச்சலோடு திரும்பினார். "யன்னலை ஆரேன் உப்பிடி நிலத்தோடை வைப்பினமே? கட்டினவனுக்கு விசர்."

"ஓம் ஐயா," என்றேன்.

எங்கள் முறை வந்தது. தங்கச்சி வாசலில் செருப்பைக் கழற்றினாள். வேறு ஒருவரும் கழற்றவில்லை.

"கட்டி முடிஞ்சாப் பிறகு நான் உள்ளை போறது இதுதான் முதல்தரம் அக்கா," என்றாள்.

வாக்களித்து வந்து, ஆள் பார்க்காத நேரம் யன்னலுக்கு வெளியே குந்திப் பார்த்தேன். உப்புக்காற்றில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. ஒரு மூக்கு அடையாளம்கூட இல்லை. என் மூக்கை ஒருதரம் வைத்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் மட்டைதான் தெரிந்தது.