நிலாவில் விடப்பட்டவன்

அறுபதுகளில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் தினமும் எங்களோடு வந்தவர் அவர். சிங்கப்பூரிலிருந்து திரும்பி, திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் வேலை பார்த்தார். ஒல்லியான முகத்தில் எப்போதும் திட்டுத்திட்டாகப் பவுடர். நாங்கள் யாரும் டெலிவிஷனைப் பார்த்ததில்லை. அதனால் இரு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டிவிட்டுத்தான், அங்கே அதில் பார்த்த ராக்கெட் கதையைச் சொல்வார். ஜன்னலோரம் துண்டு போட்டு அவருக்கு இடம் பிடிப்பது என் வேலை.

நிலாவில் தனியே சிக்கியவனைக் கூட்டாளிகள் திரும்பி வந்து மீட்டார்கள் என்று அவர் முடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவாரம் பக்கத்துப் பெட்டியில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே கூட்டாளிகள் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"எதுண்ணே நெஜம்?" என்றேன்.

"முடிவ நான் பாக்கவே இல்லப்பா. அங்க ஒரு டெலிவிஷன் கடைக்கு வெளிய நின்னுகினு பாத்தேன். கடைக்காரன் கதவ சாத்திட்டான்."

"எங்க கிட்ட அவன மீட்டாங்கன்னு சொன்னீங்களே!"

"அவன் வரணும்னு நீதான ரொம்ப ஆசப்பட்ட."

மறுநாள் நான் துண்டு போடவில்லை. திண்டிவனம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

அவர்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. நிலாவைப் பார்த்தால் அங்கே ஒருவன் நிற்கிறான். அவனைக் கூட்டிவர ஆட்கள் போனார்களா என்று நான் யாரைக் கேட்பேன்?