ஐந்தாவது உத்தரம்

1990 ஓகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு நல்லூரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டேன். உடுப்பிட்டி ஏறத்தாழப் பதினெட்டு மைல். அங்கே ஆங்கிலேய நீதவான் ஒருவர் தம் ஊர்ப் பாணியில் கட்டிய கல்வீட்டை, குண்டு விழுமுன் அளந்து எழுதிவைப்பதே பள்ளி ஆசிரியனான என் நோக்கம்.

புத்தூரில் பால் விடாத பிளேன்ரீ இரண்டு ரூபா. "வல்லைவெளியிலை நிக்காமல் மிதியுங்கோ. ஹெலி வந்தால் ஒளிக்க ஒரு பற்றையும் இல்லை" என்றார் கடைக்காரர். அந்த வெளியை நான் பார்க்கவே இல்லை. சைக்கிளின் முன்சில்லை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

8.35. வெட்டிய சுண்ணக்கல் சுவர்கள். தடிப்பு இரண்டடி மூன்றங்குலம். ஒடுங்கி உயர்ந்த யன்னல்கள். மண்டபத்தில் குளிர்காயும் அடுப்பு, கூரைக்கு மேல் அதன் புகைபோக்கி. அடுப்புக்குள் ஒரு கோழி அடைகிடந்தது.

"வெள்ளைக்காரனுக்கு இஞ்சையும் குளிர்ந்திருக்கு" என்று சிரித்தார் மரியநாயகம். குருநகர் மீனவர். இடம்பெயர்ந்து வந்து, மனைவி ஞானத்தோடும் மூன்று பிள்ளைகளோடும் இங்கே இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டு வளவில் பதுங்கிக்கொள்ள வெட்டிய பங்கரை மூடப் பனங்குற்றிகள் பாதிவரைதான் எட்டின. மீதிக்காக, விறாந்தையின் ஐந்து உத்தரங்களில் ஒன்றைக் கழற்றத் தோணிக் கயிறு கட்டியிருந்தார்.

வாசல் நிலைக்கு மேல் 1871 என்று செதுக்கியிருந்தது.

"அண்ணை, நூற்றுப்பத்தொன்பது வருச மரம். கழற்றலாமோ? சுவர் இவ்வளவு தடிப்பு. உள்ளுக்கை இருந்தாலே போதுமே" என்றேன்.

"தடிப்பெண்டால் விழேக்கை மெதுவா விழுமோ, மாஸ்ரர்?" என்றார் ஞானம்.

9.20. பொம்மர் இரைந்தது. பிள்ளைகள் பங்கருக்குள் குதித்தார்கள், நானும் குதித்தேன். எனக்குக் கிடைத்தது மூடாத பாதி. தலைக்கு மேல் வெறும் வானம். விமானம் குத்தி இறங்குவது தெரிந்தது. ஞானம் பிள்ளைகள்மேல் கவிந்து கிடந்தார். அவருடைய செபம் பாதியில் நின்றது. வெடி வல்வெட்டித்துறைப் பக்கம் கேட்டது. அந்த அதிர்வில் புகைபோக்கிக் கல்லொன்று பெயர்ந்து முற்றத்தில் விழுந்தது. தூக்க இரண்டுபேர் வேண்டும்.

வெளியே ஏறியதும் அளவுநாடாவைப் பைக்குள் போட்டுவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தேன்.

"விட்டிடாதேங்கோ மாஸ்ரர். தோணி இறக்கிற மாதிரி, மெல்ல, மெல்ல."

பதினாறு அடி உத்தரத்தை நான்காக அறுத்து அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டோம்.

2.10க்குப் புறப்படும்போது மரியநாயகம் என் குறிப்பேட்டை எட்டிப் பார்த்தார். "ஐஞ்செண்டே எழுதுங்கோ. வீட்டுக்காரர் வாசிச்சாரெண்டால் எங்களைக் கலைச்சுப்போடுவார்."

நான்கு என்றே எழுதினேன். கழற்றியவர்கள் வரிசையில் முதலில் என் பெயர்.

மாலை 5.30. நல்லூரில் என் வீட்டுச் சுவர் ஒன்றரை அடிதான். அதை நம்பி இதுவரை பங்கர் வெட்டாமல் இருந்திருக்கிறேன். விறாந்தை உத்தரத்தை அளந்தேன்: பத்தடி. பிறகு மண்வெட்டியைத் தேடினேன்.