மஞ்சள் அறையின் ரிலீவர்

மலேசியாவின் குளுவாங்கில் எங்கள் தொழிற்சாலையில் நினைத்த நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விட முடியாது. ராணியக்கா வர வேண்டும். நாங்கள் பதினாறு பெண்கள் ஒரே லைனில் உட்கார்ந்து சர்க்யூட் தகடுகள் செய்கிறோம். ஒருத்தி எழுந்தால் மொத்த லைனும் நின்றுவிடும். அதனால் அவள் திரும்பி வரும்வரை அவள் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க ஓர் ஆள் உண்டு. அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். இருபத்து மூன்று வருடமாக எங்கள் ரிலீவர் இன்பராணி. பதினாறு பேரின் வேலையும் அவருக்கு அத்துப்படி. அவருக்குப் பதிலாக உட்கார மட்டும் யாரும் கிடையாது. எப்போது சாப்பிட்டார், எப்போது தண்ணீர் குடித்தார் என்று நாங்கள் கேட்டதும் கிடையாது.

ரிலீவர் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. பின்னால் வந்து இடது தோளைத் தொடுவார். வேலையில் இருப்பவள் தன் முன்னால் உள்ள ட்ரேயின் எண்ணைச் சொல்ல வேண்டும். "நாப்பத்தி ரெண்டு." அவர் அதைத் திருப்பிச் சொல்வார். "நாப்பத்தி ரெண்டு. போம்மா, நான் இருக்கேன்." அதற்குப் பிறகுதான் எழலாம். எண் மாறினால் ஒரு ட்ரே முழுக்க வீணாகும். எண்ணைச் சொல்லாமல் எழுந்து ஓடிய புதுப் பெண்களை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன்.

நான் தேன்மொழி. லைனின் கடைசி இடம் என்னுடையது. முடிந்த தகட்டை லென்ஸுக்குக் கீழே வைத்துக் குறை பார்ப்பது என் வேலை. தலைமுடி அளவு கீறல்கூட என் கண்ணுக்குத் தப்பாது என்று பீற்றிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான்தான் பக்கத்திலேயே இருந்த ராணியக்காவின் கண்ணைக் கோட்டை விட்டேன்.

எங்கள் அறையில் விளக்கெல்லாம் மஞ்சள். வெள்ளை வெளிச்சம் பட்டால் தகட்டின் பூச்சு கெட்டுவிடும். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டிருப்போம். வெளியே தெரிவது இரண்டு கண்கள் மட்டும். அந்த வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் மஞ்சள்தான். ராணியக்கா இளைத்துக்கொண்டு வந்தார். கேட்டால், "காத்து லா தேனு, கேஸ்ட்ரிக்" என்பார். இஞ்சித் தண்ணீர் குடித்தார், வயிற்றில் தைலம் தேய்த்தார். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

ஒருநாள் மதியம் தீப்பயிற்சிக்கு மணி அடித்தார்கள். எல்லாரையும் உடுப்போடு கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் நிற்க வைத்துத் தலை எண்ணினார்கள். ராணியக்கா முகமூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பக்கத்தில் நின்ற எங்கள் லைன் மலாய்க்காரி கக் ரொஸ்னா (கக் என்றால் அக்கா), "அலமாக்!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணின் வெள்ளை மொத்தமும் அரைத்த மஞ்சள் நிறம். தினமும் ஒரு முழத் தூரத்தில் நான் பார்த்த கண்கள்.

அன்றே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரி. கணையத்தில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். கணையம் எங்கே இருக்கிறது என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியபோது அக்காவின் குளிர்பெட்டியில் தண்ணீர் வைக்க இடமில்லை. ஆபரேஷன் புண் ஆற விரால் மீன் சூப்பைவிட நல்லது கிடையாது என்று இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை. அதில் மட்டும் சண்டையே இல்லை. ஏழு சட்டி சூப் வந்திருந்தது. நான் கொண்டுபோனது எட்டாவது.

அதன் பிறகு கீமோ. பதினெட்டு தடவை ஜொகூர் பாரு போய் ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும். அக்காவின் கணவர் எப்போதோ தவறிவிட்டார். ஒரே மகன் டாரில் சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "மகன் கூட்டிப்போறான், நீங்கல்லாம் வேலையப் பாருங்க" என்று அக்கா சொன்னார். நாங்களும் நம்பினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். மாதா கோயில் பூசைக்குப் போய் வந்து, களைத்துப் படுத்திருந்தார். தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறக்கப் போனபோது அதன் கதவில் ஆஸ்பத்திரி அட்டை ஒட்டியிருந்தது. என் கண் சும்மா இருக்குமா? மூன்று கட்டத்தில் முத்திரை இருந்தது. நான்காவதும் ஐந்தாவதும் தேதி தாண்டியும் காலி.

"அக்கா, இது என்ன?"

"ரெண்டு வாரம் ரெஸ்ட் குடுத்திருக்காங்க."

"பொய் சொல்லாதீங்க. ரெஸ்ட்டுன்னா கட்டத்துல தேதி எதுக்குப் போட்டாங்க?"

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டாரிலுக்கு நான் சொல்லவே இல்ல தேனு. புது வேல, எத்தன தடவ லீவு கேப்பான்? தனியாத்தான் பஸ்ல போனேன். மூணாவது தடவ வர்ற வழியில பஸ்லயே வாந்தி எடுத்துட்டேன். யாரோ ஒரு பொண்ணு அவ துப்பட்டாவால தொடச்சி விட்டா. உயிரே போன மாதிரி இருந்திச்சி. போதும்னு விட்டுட்டேன்."

"எங்களக் கூப்பிட வேண்டியதுதானே?"

"யாரையும் எனக்காக நிக்க வெச்சிப் பழக்கமில்ல."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நோயாளி என்றும் பார்க்கவில்லை. "இருபத்து மூணு வருசம் எங்க எடத்துல நீங்க உக்காந்தீங்க. உங்க எடத்துல நாங்க ஒரு நாள் உக்காரக் கூடாதா? அவ்வளவு மட்டமா போயிட்டமா நாங்க?" என்று கத்தினேன்.

"என் எடத்துல யாரு உக்கார முடியும்? ஊசி என் கையிலதானே ஏத்தணும்" என்றார்.

அவர் சொன்னது நிஜம். "ஊசிய நீங்க போட்டுக்குங்க. மத்த எல்லாத்துக்கும் லைன்ல ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழி முழுக்க அழுதேன். மீதிப் பதினைந்து ஊசியையும் விட்டால் அக்கா நமக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை லைன் பலகையில் எழுதினேன். ராணியக்கா லீவில் போனதிலிருந்து அன்றன்று யார் எந்த இடத்துக்கு ரிலீவர் என்று எழுதும் பலகை அது. நான்கு முதல் பதினெட்டு வரை எண் போட்டு, பதினெட்டுக்கு நேரே என் பெயரைப் போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் செல்லம், கக் ரொஸ்னா, லோஷினி என்று வரிசையாகப் பெயர் ஏறியது. ஒருத்தி ஆண்டு லீவில் ஒரு நாளைக் கொடுத்தாள், இன்னொருத்தி ஷிப்ட் மாற்றிக்கொண்டாள். சூப்பர்வைசர் விஜயன் வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இது கம்பெனி போர்டு. சொந்த விசயம் எழுதக் கூடாது."

"ரிலீவர் பேர்தானே எழுதியிருக்கோம்?" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி, காலியாக இருந்த ஏழுக்கு நேரே 'விஜயன்' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மனிதனை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றோடு நிறுத்தினேன், ஒரு வாரத்துக்கு.

டாரிலையும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். அவன் உடைந்து அழுதான். ஒன்பதாம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டான். டாக்டர் அக்காவை நன்றாகக் கடிந்துகொண்டார். ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றார்.

நான்காம் தடவை செல்லம் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அக்கா கதவைத் திறக்கப் பத்து நிமிடம் ஆனதாம். போகும் வழியெல்லாம் பேசவில்லையாம். ஐந்தாம் தடவை லோஷினிக்கு ஊசியைப் பார்த்ததும் தலை சுற்றி, நர்ஸ் அவளைப் படுக்க வைத்து, அக்காதான் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். அன்றைக்குத்தான் அக்கா பல நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எட்டாம் தடவை, கக் ரொஸ்னாவின் முறை வந்தபோது ரத்தத்தில் வெள்ளை அணு குறைவு, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டார்கள். காரில் அவள் தோளில் சாய்ந்து அக்கா அழுதார். அவள் தன் துஆவைச் சொன்னாள், அக்கா ஜெபமாலை சொன்னார். பாதி வழியில் ஆயர் ஈத்தாம் ஊர் வரும்போது இரண்டு பேருக்கும் பசி எடுத்துவிட்டது.

ஒவ்வொரு தடவை முடிந்ததும் கூடப் போனவள் அடுத்தவளைப் போனில் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். அதற்கு முன், ஏழு முடிந்த மாலை கக் ரொஸ்னாவுக்குப் போன் வந்தது. பேசியது விஜயன் இல்லை, ராணியக்கா.

"ஏழு முடிஞ்சிருச்சி ரொஸ்னா. எட்டு. உன் முறைதானே?"

"எட்டு. இருங்க கக், நான் வரேன்" என்றாளாம் அவள். இதை மறுநாள் லைனில் சொன்னபோது பதினாறு பேரும் கை தட்டினோம். அதன் பிறகு எண்ணை அக்காதான் சொன்னார்.

பதினெட்டு என்னுடையது. ஊசி இறங்கி முடிந்ததும் நர்ஸ் அட்டையில் கடைசி முத்திரையைக் குத்தினாள். அட்டையை நான் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். காலிக் கட்டம் ஒன்றுகூட இல்லை. எனக்கு வந்த பெருமை, என் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியபோதுகூட வந்ததில்லை.

ஸ்கேனில் இப்போதைக்கு எதுவும் தெரியவில்லை. டாக்டர் மறைக்காமல் பேசினார். இது திரும்பி வரக்கூடிய நோய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார். அக்கா தலையாட்டினார். "வந்தா வரட்டும் டாக்டர். லைன்ல ஆள் இருக்கு" என்றார். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அக்கா வேலைக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் போதும் என்று விஜயன் எழுதிக் கொடுத்திருந்தார். நான் லென்ஸில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் இடது தோளைத் தொட்டது. முன்னைவிட மெலிந்த கை. முகமூடிக்குள் கண்ணீர் இறங்கியது.

"நம்பர் சொல்லு தேனு. நம்பர் சொல்லாம எந்திரிக்கக் கூடாது."

என்னால் முடியவில்லை. அவரே குனிந்து ட்ரேயைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு. போம்மா, போயி மூஞ்சக் கழுவிட்டு வா. நான் இருக்கேன்."

நான் போகவில்லை. எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "முதல்ல வெளிய வாங்க" என்றேன்.

"ட்ரே இருக்கு, லைன் நின்னுரும்."

"நிக்கட்டும்."

நிற்கவில்லை. செல்லம் தன் ட்ரேயை முடித்துவிட்டு ஓடிவந்து என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முப்பத்தொண்ணு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் ராணியக்காவை உடுப்போடு இழுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்குப் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் முகமூடியைக் கழற்றி, தாடையைப் பிடித்துத் தூக்கி, கண்ணின் கீழ் இமையை இழுத்து முதலில் ஒரு கண், பிறகு மறு கண் என்று பார்த்தேன்.

"என்ன இன்ஸ்பெக்டர், பாஸா?" என்றார்.

இரண்டும் வெள்ளையாக இருந்தன. "பாஸ்" என்றேன். "நாளைக்கும் பாப்பேன்."